மஞ்சள் நீராட்டுக்குப் போகாத டாக்டர்

சியாமளா டாக்டர் இறந்துபோன செய்தி இரண்டாவது பாடவேளை முடியப்போகும் நேரத்தில் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் கரும்பலகையில் இலையின் குறுக்குவெட்டுப் படம் வரைந்துகொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் நின்று, "டீச்சர், உங்களுக்கு போன். கிளினிக்லேர்ந்து மேரியாம்" என்றார். கிளினிக்கிலிருந்து எனக்கு போன் வருவது புதிதில்லை. பள்ளியில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் நான் அனுப்புவேன், அங்கே பார்த்த பிறகு நர்ஸ் மேரி கூப்பிட்டுச் சொல்வாள். அதனால் படத்துக்குப் பெயர்களை எல்லாம் குறித்துவிட்டுத்தான் போனேன்.

மேரி இரண்டு முறை "டீச்சர்" என்றாள். அப்புறம் "அம்மா போய்ட்டாங்க டீச்சர்" என்றாள். அன்று திங்கட்கிழமை. 2008 ஆகஸ்ட். மகன் ஷ்யாமைச் சென்னைக்கு ரயிலேற்றிவிட செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். மின்சார ரயில் கிளம்பியதும் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அம்மாளிடம் தண்ணீர் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் பாட்டில் வாங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பது வயது.

அவர் பிறந்து வளர்ந்ததும் அந்த ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான். அப்பா ரயில்வேயில் வண்டிகளைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். குடியிருப்பின் கொல்லைப்புறத்தில் நின்றால் தண்டவாளம் தெரியும். வண்டி எத்தனை மணிக்கு எந்தத் தடத்தில் போகும் என்பது மனப்பாடம் என்று சொல்வார். அதே ஊரில் மருத்துவக் கல்லூரி இருந்ததால்தான் டாக்டரானேன், வேலூரில் இருந்திருந்தால் டீச்சராகியிருப்பேன் என்று என்னைச் சீண்டுவார். வீட்டிலிருந்து நடந்தே போய் எம்.பி.பி.எஸ். படித்தார். பிறகு கடற்கரைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசு வேலை. நடுவில் சென்னைக்குப் போய்ப் பிரசவமும் மகளிர் மருத்துவமும் தனியாகப் படித்து, டி.ஜி.ஓ. பட்டயத்தோடு திரும்பினார். கணவர் பக்தவத்சலம் கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி நிலையத்தில் எஞ்சினியர். சியாமளாவைத் தருமபுரிப் பக்கம் மாற்றினார்கள். குழந்தை சின்னது. வேலையை விட்டுவிட்டு, 1993இல் திருப்போரூரில் கோயிலுக்குப் போகும் தெருவில் கிளினிக் வைத்தார். ஷ்யாமைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து கைனடிக் ஹோண்டாவில் வருவார். அந்த வண்டியை அவர் ஓட்டும் அழகைப் பார்த்து, "டாக்டரம்மா வர்றாங்க, ஓரமா நில்லு. அவுங்களே இட்ச்சிட்டு அவுங்களே கட்டு போடுவாங்க" என்று ஆட்டோ ஸ்டாண்டில் சொல்வார்கள்.

இறந்த அன்று ஊரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் 'கைராசி டாக்டர்' என்று போட்டிருந்தார்கள். அவர் பார்த்திருந்தால் கிழித்திருப்பார். "ராசி இல்லப்பா, கேள்வி. கேட்டுப் பார்த்துட்டுத்தான் மருந்து எழுதறேன்" என்பார்.

கேட்கவும் அவருக்குத் தெரியும். மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது என்று எடுத்தவுடனே கேட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லத் தெரியாது. காலண்டர் தேதி நினைவிருக்காது. "தலைக்கு ஊத்திக்கினது கிருத்திகைக்கு முன்னயா, பின்னயா?" என்பார். கோவளத்து மீனவப் பெண்ணானால் அமாவாசையை வைத்துக் கேட்பார். முஸ்லிம் வீட்டுப் பெண்ணானால் நோன்பு எத்தனை பிடித்தாய், எத்தனை விட்டாய் என்று கேட்பார். விட்ட நோன்பைத் திருப்பிப் பிடிக்க வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு மட்டும் தப்பாது. இருமலுக்கு வந்தவளிடமும் இதைக் கேட்டுவிட்டுத்தான் நெஞ்சில் குழலை வைப்பார். சில மாமியார்கள் முகம் சுளிப்பார்கள். "இருமலுக்கும் அதுக்கும் இன்னாம்மா?" "உன் மருமவ முழுகாம இருந்தா மருந்து வேற. நீ சொல்றியா, நான் கேக்கட்டுமா?"

எல்லோரிடமும் கேட்ட அந்தக் கேள்வியை அவர் ஒரே ஒரு பெண்ணிடம் கேட்கவில்லை. அதைத்தான் எழுத வந்தேன். அந்தப் பெண்ணிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அவளுடைய பெயரையும், ஒன்று தவிர வீட்டார் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

திவ்யா என் வகுப்பில் படித்தாள். கிளினிக் இருந்த கட்டடமே அவள் அப்பா கோதண்டராமனுடையது. திருப்போரூருக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் நிலபுலம். பிறகு இரண்டு வேன் வாங்கி வாடகைக்கு விட்டார். டாக்டர் தங்கள் கட்டடத்தில்தான் கிளினிக் வைத்திருக்கிறார் என்பதில் அந்தக் குடும்பத்துக்கு ஏகப் பெருமை. 2001 மே மாதம் திவ்யாவுக்கு மஞ்சள் நீராட்டு விழா. டாக்டருக்குத்தான் முதல் பத்திரிகை.

நானும் போயிருந்தேன். தாய்மாமன் தீனதயாளன் சீர்வரிசைத் தட்டுகளோடு பேண்டு முழங்க மண்டபத்துக்கு வந்தான். அவன் அடுத்த வாரம் மஸ்கட் கிளம்புகிறான், திரும்பிவர நாலு வருடமாகும் என்று பந்தியில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். டாக்டரை மேடைக்கு அழைத்து நலங்கு வைக்கச் சொன்னார்கள். கன்னத்தில் சந்தனம் தடவி, குங்குமமிட்டு, பன்னீர் தெளித்தார். போட்டோக்காரர், "டாக்டரம்மா, பொண்ணு பக்கம் சாஞ்சாப்ல நில்லுங்க" என்றார். சாய்ந்தாற்போல நின்றார். திவ்யா பெரிய பட்டுப்புடவைக்குள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் கை வைத்திருந்தாள். ஒட்டியாணம் குத்துகிறது போலும் என்று நினைத்தேன்.

அதன்பிறகு மாதம் ஒருமுறை திவ்யாவுக்கு வயிற்றுவலி வரும். அம்மா வேண்டா கிளினிக்குக் கூட்டிப்போவாள். மூன்று பெண்களுக்குப் பிறகு நான்காவதாகவும் பெண்ணாகப் பிறந்தவளுக்கு எங்கள் பக்கத்தில் வைக்கிற பெயர் அது. அவளுக்கு அந்தப் பெயரைப் பற்றி எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. உரக்கப் பேசுவாள், உரக்கச் சிரிப்பாள். "டாக்டரம்மா, மாசமான்னா சுருண்டுகினு படுத்துக்கறா" என்பாள். "வயசுக்கு வந்த புதுசுல அப்டித்தான் இருக்கும், ஒரு வருஷம் போனா சரியாயிடும்" என்று டாக்டர் மாத்திரை எழுதுவார். மாதாமாதம் அதே மாத்திரை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், திவ்யா வகுப்பில் பெஞ்சோடு சாய்ந்து விழுந்தாள். முகம் வெளுத்து, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ வைத்துக் கிளினிக்குக் கூட்டிப்போனேன்.

"இன்னா திவ்யா, பரீட்சை பயமா?" என்று கேட்டுக்கொண்டே டாக்டர் வயிற்றில் கை வைத்தார். சிரிப்பு நின்றது. அடிவயிறு கல்போல மேடிட்டிருந்தது.

"யூரின் எப்ப போன?"

"நேத்து சாயங்காலம். அப்பாலே வரல. முட்டிகினு கீது."

மேரி குழாய் வைத்தாள். நீர் இறங்க இறங்க அந்தப் பெண் மூச்சுவிட ஆரம்பித்தாள். அத்தோடு சரியாகிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். டாக்டர் மறுபடி வயிற்றை அழுத்தினார். மேடு பாதி வடிந்திருந்தது. மீதிப் பாதி அப்படியே இருந்தது. அந்த இடத்தில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார்.

அதற்குள் வேண்டா ஓடிவந்துவிட்டாள். பரிசோதிக்கும் கட்டிலுக்கும் நோயாளிகள் காத்திருக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு பச்சைத் துணித்திரைதான். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, "களம் தூத்திகினு இருந்தேன், அப்டியே போட்டுட்டு ஓடியாறேன்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் குனிந்து கேட்டார். "திவ்யா, கடைசியா எப்ப தலைக்கு ஊத்திக்கின?"

"போன கிருத்திகைக்கு டாக்டரம்மா!" என்று திரைக்கு வெளியிலிருந்து பதில் வந்தது.

"நான் உன்னக் கேக்கல வேண்டா. அவளக் கேட்டேன்."

"நான் சொன்னா இன்னா, அவ சொன்னா இன்னா?"

பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார், அவள் பார்க்கும் திரையைப் பார்த்தார்.

"மேரி, வேண்டாவக் கூட்டிகினு போய் நல்ல இளநீரா பாத்து வாங்கிட்டு வா. கோயிலுக்கு எதிர்ல."

"ஒரு இளநீ வாங்க ரெண்டு பேரா?" என்றாள் வேண்டா.

"மேரிக்கு இளநீ பாக்கத் தெரியாது. கோவளத்துக்காரி. செவுளத் தூக்கிப் பாத்து மீன் வாங்கச் சொன்னா வாங்குவா."

மேரி முறைத்துக்கொண்டே கிளம்பினாள். அவர்களுடைய குரல் தெருவில் தேய்ந்த பிறகு டாக்டர் பெஞ்சில் இருந்தவர்களையும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போகச் சொன்னார். "டீச்சர் இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று திவ்யாவைக் கேட்டார். இருக்கட்டும் என்று தலையசைத்தாள்.

"எனுக்கு இன்னும் வரவே இல்ல டாக்டர்."

"எது?"

"அதான். ஒரு வாட்டி கூட வரல."

"நான் வந்து நலங்கு வச்சேனே?"

"வச்சீங்க." அவள் அழ ஆரம்பித்தாள். "மாமா மஸ்கட் போவுது, சீர் செய்ய ஆள் இல்லன்னு தேதி வச்சிட்டாங்க. அதுக்கு முன்னயே எனுக்கு மாசமான்னா வயிறு வலிக்கும். வலிச்சா வரப்போவுதுன்னு அர்த்தம், எப்டியும் வரப்போறதுதானே, பத்து நாள் முன்ன பின்ன இருந்தா இன்னான்னு அம்மா சொல்லிச்சு. மஞ்சத் தண்ணி ஊத்தினா வந்துடும்னு சொல்லிச்சு. யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கிகிச்சு."

டாக்டர் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். "எட்டு மாசம் டீச்சர். எட்டு மாசம் மாத்திர குடுத்திருக்கேன்" என்றார். எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, அவளைப் பரிசோதித்தார். பிறவியிலேயே வழியை மூடியிருந்த ஒரு மெல்லிய சவ்வு. உள்ளே மாதாமாதம் வந்த உதிரம் வெளியேற வழியின்றித் தேங்கி, மூத்திரப்பையை நெருக்கியிருந்தது. சிறிய அறுவை சிகிச்சை போதும். ஆனால் தள்ளிப்போட்டால் கருப்பைக்கும் குழாய்களுக்கும் கேடு வரலாம், பின்னால் குழந்தை பிறப்பதற்கும் தடையாகலாம்.

வேண்டா இளநீரோடு திரும்பியபோது டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கோபிக்கவில்லை. கதவருகே கூப்பிட்டு, தாழ்ந்த குரலில், "செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போணும். இன்னிக்கே. இவ இன்னும் வயசுக்கு வரலன்னு அங்க சொல்லணும்" என்றார்.

வேண்டா இளநீரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ, அங்க வேணாம் டாக்டரம்மா. என் தம்பி பொண்டாட்டியோட அக்கா அங்கதான் நர்ஸா கீது. அரை நாள்ல ஊர் பூரா தெரிஞ்சிடும். மேடை போட்டு ஊருக்கே சோறு போட்டோமே, பொய்ச் சோறா அதுன்னு கேப்பாங்க. நாளைக்கு எவன் இவளக் கட்டுவான்? நீயே இங்க பண்ணிடு. உன் காலப் புடிக்கறேன்."

"இங்க மயக்க மருந்து கிடையாது. பண்ண முடியாது."

"அப்ப வயித்து வலின்னு மட்டும் சொல்றேன்."

"வயித்து வலின்னு சொன்னா அவங்களும் என்ன மாதிரி மாத்திர குடுப்பாங்க." டாக்டர் அவள் தோளில் கை வைத்தார். "இதோ பாரு. ஆஸ்பத்திரில கேக்கறப்போ நெசத்தச் சொல்லு. ஊர்ல கேட்டா நீர் அடைப்புன்னு சொல்லு. ரெண்டுமே பொய் இல்ல."

"தெரிஞ்சிட்டா?"

"தெரிஞ்சா என்னையும் சேத்துத்தான் சிரிப்பாங்க. நானும்தான் மேடை ஏறினேன், வடை பாயசத்தோட தின்னேன். ஏறு வண்டில."

கோதண்டராமனின் வேனிலேயே போனார்கள். டாக்டரும் கிளினிக்கைப் பூட்டிவிட்டுக் கூடவே போனார். அந்த நர்ஸைத் தனியாகக் கண்டு என்ன சொன்னாரோ எனக்குத் தெரியாது. ஊரில் 'நீர் அடைப்பு' என்பதற்கு மேல் ஒரு சொல் பரவவில்லை. மறுநாளே அறுவை முடிந்து, அந்த வாரக் கடைசியில் திவ்யா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அடுத்த மாதம் ஒரு சாயங்காலம் நான் கிளினிக்கில் இருந்தபோது வேண்டா வந்தாள். பெஞ்சு நிறைய ஆட்கள். ஒரு தூக்குப் பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். வேண்டா பேசாமல் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். டாக்டர் மூடியைத் திறந்தார். உளுந்தங்களி. நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றியிருந்தாள். பெண் வயசுக்கு வந்தால் எங்கள் வீடுகளில் கிண்டுவது. கரண்டி தேடும் பொறுமை டாக்டருக்கு இல்லை. நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சி ஒன்றை எடுத்து, அதால் வழித்து வாயில் போட்டுக்கொண்டார். "வெல்லம் கொறச்சல்" என்றார். வேண்டா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

அத்தோடு அது முடிந்திருக்கலாம். டாக்டர் முடியவிடவில்லை. செங்கல்பட்டில் நடந்த ஒரு டாக்டர்கள் கூட்டத்தில் இதைத் தானே எழுந்து சொன்னாராம். பெண்ணின் பெயரைச் சொல்லாமல், தன் பெயரைச் சொல்லி. மேடையில் நலங்கு வைத்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்களாம், எட்டு மாத மாத்திரையில் அமைதியானார்களாம். எனக்கு அதைச் சொன்னவர் பக்தவத்சலம் சார். டாக்டர் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் எந்த மஞ்சள் நீராட்டுக்கும் போகவில்லை. பத்திரிகையை வாங்கிக்கொள்வார், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொள்வார், சீர் என்று ஒரு தாவணியை மேரியிடம் கொடுத்தனுப்புவார். பலருக்கு மனத்தாங்கல். "கோதண்டராமன் வூட்டுக்குப் போனாங்க, எங்க வூட்டுக்கு வர மாட்டாங்களாமா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஏன் போவதில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். "பந்தில உக்காந்துட்டா எனக்குக் கண்ணு மறைக்குது டீச்சர்" என்றார். தங்கை பெண்ணின் விழாவுக்கும் போகாததால், அக்காதங்கைக்குள் ஒரு வருடம் பேச்சில்லாமல் இருந்தது. அது கொஞ்சம் அதிகம் என்றுதான் நான் நினைத்தேன். சொல்லவும் செய்தேன். கேட்கவில்லை.

கிளினிக்கில் பச்சைத்திரையை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பி, கதவு போட்டார். பெயர்ப்பலகையில் 'பொது மருத்துவம், மகளிர் மருத்துவம்' என்று இருந்ததன் கீழே 'வளரிளம் பெண்கள் நலம்' என்று புதிதாக ஒரு வரி எழுதச் செய்தார். அதைப் படித்துவிட்டு ஒரு தகப்பன் மகளோடு வந்து, "எம் பொண்ணு குள்ளமா கீறா டாக்டர். வளர ஊசி போடுவீங்களாமே?" என்று கேட்டார். மேரி உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். டாக்டர் சிரிக்காமல் அந்தப் பெண்ணை உள்ளே தனியாகக் கூப்பிட்டு, ரத்தசோகை இருப்பதைக் கண்டுபிடித்து அனுப்பினார்.

எங்கள் பள்ளிக்கு வெள்ளிக்கிழமைதோறும் வர ஆரம்பித்ததும் அப்போதுதான். முதலில் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். கேள்வி கேளுங்கள் என்றால் ஒரு பெண்ணும் வாயைத் திறக்கமாட்டாள். கூட்டம் கலைந்தபின் தூணுக்குப் பின்னால் யாராவது ஒருத்தி நிற்பாள். டாக்டர் அவளோடு மைதானத்தைச் சுற்றி நடந்தபடி பேசுவார். மழை வந்தால் அதுவும் இல்லை. தனியறை வேண்டும் என்று அவரும் நானும் வருடக்கணக்கில் கேட்டோம். இந்த ஜூனில்தான் தலைமையாசிரியை எல்லம்மாள் மேடம் பழைய விளையாட்டுச் சாமான் அறையை ஒழித்துக் கொடுத்தார். இரண்டு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஆனால் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. பெண்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே யாராவது பந்து கேட்டுக் கதவைத் தள்ளிவிடுவார்கள். உள்ளே இருப்பவள் சட்டென்று வாயை மூடிக்கொள்வாள். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாதிப் பேச்சில் எழுந்து போய்விட்டாள். அடுத்த வாரமும் வரவில்லை.

திவ்யா இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். சாவுக்கு வந்திருந்தாள். வேண்டாவும் வந்திருந்தாள். எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க டீச்சர். அவங்க கேட்டதனாலதான நான் சொன்னேன்" என்றாள் திவ்யா. வேண்டா, "எம் பேர மட்டும் நல்ல பேரா வைங்க" என்றாள். எவ்வளவு யோசித்தும் வேறு பெயர் தோன்றவில்லை. எத்தனையோ பேருக்கு உள்ள பெயர்தானே என்று அவளுடையதையே வைத்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை டாக்டர் திருப்போரூர்க் கடைத்தெருவில் தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு, தச்சர் தனகோடியையும் வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். தனகோடி தாழ்ப்பாளைக் கதவில் பொருத்தினார். கதவு நிலை கருங்கல். அதில் துளை போட மெஷின் வேண்டும், திங்கட்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். திங்கட்கிழமை டாக்டர் செய்தி வந்ததும் பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். இன்று மாலை போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் கதவில் இருக்கிறது. நிலையில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருக்கிறது. துளை இன்னும் போடவில்லை.